இரண்டு அச்சு

மாலை 6.12.

அந்த நேரத்தை நான் கடிகாரத்தில் பார்த்துச் சொல்லவில்லை. கருவி பதிந்து வைத்திருந்தது. கருவிக்குப் பயம் கிடையாது. களைப்பு கிடையாது. கதை கட்டத் தெரியாது. என்னை நம்பாதவர்கள் அதை நம்பட்டும். அந்தத் துணிச்சலில்தான் இதை எழுதுகிறேன்.

நான் ரயில்வேயில் சிக்னல் வேலை பார்ப்பவன். சொந்த ஊர் கமுதிப் பக்கம். இது நடந்தது சென்ற புரட்டாசியில், ராமநாதபுரத்துக்கும் மண்டபத்துக்கும் இடையே ஒரு சிறிய ஸ்டேஷனில். பெயரைச் சொல்ல மாட்டேன். அங்கே இன்னும் ஆட்கள் தனியாக உட்கார்ந்து வேலை பார்க்கிறார்கள்.

எங்கள் வேலையை முதலில் சொல்லிவிடுகிறேன். அது தெரியாமல் மற்றது விளங்காது.

முன்பு இரண்டு ஸ்டேஷன்களுக்கு நடுவே தடத்தில் என்ன இருக்கிறது என்று எந்தக் கருவியும் பார்த்ததில்லை. வண்டி வந்ததா, கடைசிப் பெட்டியும் வந்ததா என்று ஸ்டேஷன் மாஸ்டர் கண்ணால் பார்ப்பார். அடுத்த ஸ்டேஷனுக்குப் போனில் சொல்வார். நடுவில் இருக்கும் வெளியை யாரும் பார்ப்பதில்லை. இப்போது தண்டவாளத்தின் ஓரத்தில் அச்சு எண்ணும் கருவியைப் பொருத்துகிறோம். ஒரு ஜோடிச் சக்கரத்துக்கு ஓர் அச்சு. அந்த முனையில் எத்தனை அச்சு உள்ளே போனது, இந்த முனையில் எத்தனை வெளியே வந்தது என்று அது எண்ணும். இரண்டும் சமமானால் தடம் காலி. ஸ்டேஷனில் உள்ள திரையில் அந்தப் பகுதி வெறுமையாக இருக்கும். ஓர் அச்சு குறைந்தாலும் சிவப்பாகிவிடும். சிவப்பு இருக்கும்வரை வண்டி நகரச் சிக்னல் விழாது.

அன்று நாங்கள் இணைத்த பகுதி கிழக்கே நான்கு கிலோமீட்டர், பிறகு ஸ்டேஷன், அதற்கு மேற்கே ஒரு கிலோமீட்டர். அதைத் தாண்டி எல்லாம் பழைய முறை.

என்னோடு இருந்தவர் ஆன்டனி ராஜ். டெக்னீஷியன். பாம்பனில் பிறந்தவர், தங்கச்சிமடத்தில் வீடு. பதவியில் எனக்குக் கீழே, வயதிலும் அனுபவத்திலும் மேலே. நான் அவரை அண்ணே என்பேன். அவர் என்னை மொளகா சார் என்பார். மிளகாய் விளையும் கமுதியிலிருந்து வந்தவனுக்கு அவர் வைத்த பெயர்.

அன்று மதியம் ஸ்டேஷன் மாஸ்டர் மஹ்மூது பாயின் அறையில் டீ குடித்தோம். ஆன்டனி அண்ணன் பையிலிருந்து ஓர் அட்டைப்பெட்டியை எடுத்துத் திறந்து காட்டினார். சின்ன வெள்ளைச் செருப்பு. குதிகால் வைத்தது.

"நாளைக்கு எம் மவ ஜெர்லினுக்குப் புதுநன்மை, மொதத் தடவ நற்கருணை வாங்கப் போறா. காலையில ஏழு மணிப் பூசை. கவுன் தச்சாச்சு, தலைக்குப் பூமுடி வாங்கியாச்சு. இது ஒண்ணுதான் பாக்கி. ராவு இத வீட்ல சேக்கலேன்னா லீமாரோஸ் என்னைய உள்ள விட மாட்டா."

"ஏன்யா, இத நேத்தே வாங்கியிருக்கக் கூடாதா?" என்றார் பாய்.

"நேத்து எங்க பாய் விட்டீக? மொளகா சார் என்னையக் குழிக்குள்ள எறக்கி வச்சிருந்தாரு. கடல்ல கூட இம்புட்டு நேரம் நான் முங்கினது இல்ல."

"இன்னைக்கு ஏழு மணிக்கு நீ வீட்டுக்குப் போயிருவ, இன்ஷா அல்லாஹ்."

அண்ணன் பெட்டியை மூடி, அதை மட்டும் பாயின் மேசைக்கு அடியில் வைத்தார். "இது இங்கன இருக்கட்டும். உப்புத் தண்ணி பட்டா வெள்ளை போயிரும்."

வலது முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். அந்த முட்டி ஒரு மாதமாக வீங்கியிருந்தது.

நாலரை மணிக்கு ஜீப்பில் அவரைக் கிழக்கு முனையில் இறக்கிவிட்டார்கள். ஜீப் வேறு வேலைக்குப் போய்விட்டது. சாயங்காலம் கடல் ஓதம் ஏறியதும் அந்தப் பாதையில் தண்ணீர் நின்றுவிடும். வேலை முடிந்ததும் தடத்தோரமாக நடந்துதான் வர வேண்டும். நான் அந்த நான்கு கிலோமீட்டரின் மேற்கு முனையில் இருந்தேன். ஸ்டேஷனுக்கு எழுநூறு மீட்டர் முன்னால், ஓர் இரும்புப் பெட்டி. உள்ளே கருவி, எண் காட்டும் சிறிய திரை, ஸ்டேஷனோடு பேச ஒரு போன்.

சோதனை எளிது. சக்கரம் மாதிரி செய்த ஓர் இரும்புத் தகடு இருக்கும். அதைக் கருவியின் மேல் ஓட்டினால் ஓர் அச்சு போனதாக எண்ணும். அண்ணன் தன் முனையில் எட்டு முறை ஓட்டினார். என் திரையில் 8. நான் என் முனையில் எட்டு முறை ஓட்டினேன். 0.

"சரியா இருக்கா?" என்று செல்போனில் கேட்டார்.

"சரியா இருக்குண்ணே."

"அப்ப நடையக் கட்டுறேன். டீக்குச் சொல்லி வைங்க."

மணி 5.55.

வண்டி ஏதும் இல்லை. ராமேஸ்வரத்திலிருந்து வரும் சென்னை வண்டியைக் கிழக்கே நிறுத்தி வைத்திருந்தார்கள். நாங்கள் வேலை முடிந்தது என்று எழுதிக் கொடுத்தால்தான் அது நகரும்.

இரண்டு பக்கமும் கணுக்கால் அளவு உப்புத் தண்ணீர். அதற்கு நடுவே கரை. கரையின் மேல் தடம். காற்று கிழக்கிலிருந்து வந்தது. சூரியன் என் முதுகுப்பக்கம் இறங்கிக்கொண்டிருந்தது. நான் பெட்டியை மூடப் போனேன்.

6.12. திரையில் 1.

பார்த்துக்கொண்டிருக்கும்போதே 2.

அதோடு நின்றது.

அண்ணனைக் கூப்பிட்டேன்.

"அண்ணே, மறுபடி தகட்ட ஓட்டுனீங்களா?"

"இல்லையே சார். தகடு பைக்குள்ள கெடக்கு. நான் கல்பாலத்துக்கிட்ட வந்துட்டேன்."

கல்பாலம் கிழக்கு முனையிலிருந்து ஒரு கிலோமீட்டர். கருவி அவருக்குப் பின்னால், வெகு தூரத்தில் இருந்தது.

"ரெண்டு அச்சு உள்ள வந்திருக்குண்ணே."

"ரெண்டா? ரெண்டு அச்சுல என்ன சார் வரும்? ஒரு பெட்டிக்கே நாலு அச்சு."

அது எனக்கும் தெரியும். இரண்டே அச்சு உள்ள ஒன்று மட்டும்தான் தடத்தில் ஓடும். ட்ராலி.

பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். நான்கு சிறிய சக்கரம், மேலே ஒரு பெஞ்சு. என்ஜின் கிடையாது. தடத்தைப் பார்வையிடும் அதிகாரி பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். நான்கு ட்ராலிமேன்கள். இரண்டு பேர் வெறுங்காலோடு தண்டவாளத்தின் மேலேயே ஓடித் தள்ளுவார்கள். இரண்டு பேர் ஏறி உட்கார்ந்திருப்பார்கள். பிறகு முறை மாறும். எதிரே வண்டி வந்தால் நான்கு பேரும் சேர்ந்து அதைத் தூக்கித் தடத்துக்கு வெளியே வைக்க வேண்டும். அதற்குத்தான் நான்கு பேர்.

ஆனால் எங்கள் கருவி ட்ராலியை எண்ணாது. எண்ணக் கூடாது என்றே அமைத்திருந்தோம். அன்று காலை நானே அதைச் சரிபார்த்தேன்.

பெட்டிப் போனை எடுத்தேன்.

"பாய், ட்ராலி எதுவும் போகுதா?"

"ட்ராலியா? இன்னைக்கு யாருக்கும் ட்ராலி குடுக்கல தம்பி. எனக்கும் செவப்புக் காட்டுது. என்ன பண்ணி வச்சிருக்கீக? கன்ட்ரோல் ரூம்ல கத்துறாங்க."

"பாத்துட்டுச் சொல்றேன் பாய்."

செல்போன் அடித்தது. அண்ணன்.

மணி 6.17.

"மொளகா சார், நீங்க சொன்னது சரிதான். ட்ராலி வருது."

"எங்கண்ணே?"

"பின்னாடி. செவப்புக் கொடி நட்டிருக்கு. நல்லதாப் போச்சு. எனக்கு முட்டி கழண்டு கையில வந்துரும் போல."

"ட்ராலி எதுவும் எடுக்கலைன்னு பாய் சொல்றாரு."

"எடுக்காமயா சார் வருது?" சிரித்தார். "கண்ணு முன்னால வருது."

"எத்தன பேரு?"

"மூணு பேரு. ஆபீசரக் காணோம். வெறும் ட்ராலி."

"யாருண்ணே?"

"வெளிச்சம் பத்தல. மூஞ்சி தெரியல... இருங்க, கிட்ட வந்துட்டாக."

காற்றின் இரைச்சல் மட்டும் கேட்டது. பிறகு அண்ணனின் குரல், போனிலிருந்து தள்ளி. "எங்க போறீக? ஸ்டேஷனுக்கா?"

பதில் எனக்குக் கேட்கவில்லை.

"ஆமா... ஆமா, பாம்பந்தான்." மறுபடி அவர் மட்டும். பிறகு என்னிடம். "சார், யாக்கோபு மவனான்னு கேக்குறாக! எங்க அய்யாவத் தெரியுமாம். அய்யா போயிப் பதினஞ்சு வருசமாச்சு. இன்னும் அவரு பேரச் சொல்ல ஆளு இருக்கு பாருங்க."

"அண்ணே... ஏறாதீங்க."

ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றும் தெரியவில்லை. மூன்று பேர் என்பது பிடிக்கவில்லை. மூன்று பேரோடு ட்ராலி எடுக்க மாட்டார்கள்.

"ஒரு ஆளு குறையுதாம் சார். ஸ்டேஷன் வரைக்கும் கை குடுக்கச் சொல்றாக. ஒரு நிமிசம்."

போனில் ஏதோ கீழே வைக்கும் சத்தம். டொக்.

இன்னொரு முறை. டொக்.

பிறகு அந்த ஓசை தொடங்கியது.

கடக்... கடக்... கடக்... கடக்...

ரயிலில் போனவர்களுக்கு அந்த ஓசை தெரியும். தண்டவாளத் துண்டுகளின் இணைப்பில் சக்கரம் விழுந்து எழும் ஓசை.

செல்போனைக் காதோடு அழுத்தினேன்.

அந்தத் தடத்தில் இணைப்பு கிடையாது. எல்லாவற்றையும் வெல்டிங் வைத்து ஒரே தண்டவாளமாக மாற்றிப் பல வருடமாகிவிட்டது. கல்பாலத்திலிருந்து என் பெட்டிவரை மூன்று கிலோமீட்டருக்கும் ஒரே இரும்பு.

கடக்... கடக்...

"அண்ணே, எறங்குங்க. நான் சொல்றேன். எறங்குங்க."

"என்ன சார்... கேக்கல... காத்து..."

மூச்சு வாங்கியது அவருக்கு.

"ஏன் மூச்சு வாங்குது? உக்காந்துதானே இருக்கீங்க?"

"மொறை சார்... ரெண்டு பேரு தள்ள... ரெண்டு பேரு உக்கார... இப்ப என் மொறை."

"உங்களுக்கு முட்டி வலிக்குமேண்ணே."

ஓடும் காலடி கேட்டது. வெறுங்கால் இரும்பில் படும் ஓசை. தப்... தப்... தப்...

"வலிக்கலையே சார்," என்றார். குரலில் வியப்பு இருந்தது. "வலியே இல்ல."

பெட்டிப் போனை எடுத்தேன். ஒரு காதில் அண்ணன். மறு காதில் பாய்.

"பாய், வண்டிய விட்ராதீங்க. எது வந்தாலும் விட்ராதீங்க. ஆன்டனி அண்ணன் உள்ள இருக்காரு."

"உள்ளன்னா? எதுக்குள்ள?"



கிழக்கே பார்த்தேன். தடம் நேர்கோடு. பகலில் கல்பாலம் வரை தெரியும். அப்போதும் அரை வெளிச்சம் இருந்தது. இரண்டு கோடுகளாக இரும்பு. மேலே மின்கம்பிகள். பக்கத்தில் தண்ணீர்.

தடத்தில் ஒன்றும் இல்லை.

ஒருவர்கூட இல்லை. நடப்பவர் இல்லை. ஓடுபவர் இல்லை.

"அண்ணே, எங்க இருக்கீங்க?"

"வந்துட்டேன் சார். உங்க பெட்டி தெரியுது. வெளக்கு தெரியுது."

நான் சிவப்புக் கொடியை எடுத்தேன். தடத்தின் நடுவே நட்டேன். சிவப்பைக் கண்டால் எதுவும் நிற்க வேண்டும். ரயில்வேயில் அதற்கு மேல் ஒரு சட்டம் இல்லை. சிவப்பு டார்ச்சைப் போட்டேன். தடத்தின் நடுவே நின்றேன்.

கடக்... கடக்...

போனில்தான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

பிறகு போனைக் காதிலிருந்து எடுத்தேன்.

அப்போதும் கேட்டது.

முன்னாலிருந்து.

காலின் கீழ், தண்டவாளத்தைத் தாங்கும் சிலீப்பர் கட்டை அதிர்ந்தது. கிரீஸ் வாடை வந்தது. கூடவே வியர்வை வாடை, பீடி வாடை.

காற்று கிழக்கிலிருந்து அடித்துக்கொண்டிருந்தது. ஒரு கணம் நின்றுவிட்டது. எனக்கு எதிரே ஏதோ மறைத்த மாதிரி.

ஐம்பது அடி...

முப்பது...

நான் நிற்க வேண்டும் என்றுதான் நினைத்தேன்.

கால் கேட்கவில்லை.

ஒதுங்கிவிட்டேன்.

அது என்னைத் தாண்டியது.

கடக். கடக்.

தப் தப் தப் தப்...

கொடி அசையவில்லை. விழவும் இல்லை.

கையில் இருந்த போனில் அண்ணனின் குரல், மூச்சிரைப்போடு:

"ஏன் சார் ஒதுங்கி நிக்கிறீங்க? உங்களத்தான் தாண்டிப் போறேன்... கையக் காட்டுறேன்ல?"

"அண்ணே!"

"பாக்கலையா சார்?"

பெட்டியைத் திரும்பிப் பார்த்தேன்.

2.

1.

0.

மணி 6.34.

பெட்டிப் போன் அடித்தது. பாய். குரலில் மகிழ்ச்சி.

"காலியாயிருச்சு தம்பி! அல்ஹம்துலில்லாஹ். என்ன கோளாறு?"

திரையில் இருந்த 0-வையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"தம்பி? ... இருங்க. இப்ப பிளாட்பாரத் தடம் செவப்பாகுது. இங்கன ஒண்ணும் இல்லையே. நான் சன்னல்லதான் நிக்கிறேன்."

"பாய், தடத்தப் பாருங்க. யாராச்சும் ஓடுறாங்களா?"

"யாரும் இல்ல. நாய் ஒண்ணு படுத்துக் கெடக்கு." சன்னல் கதவை அவர் தள்ளுவது கேட்டது. "நாய் எந்திருச்சு ஒதுங்குது தம்பி."

"பாய்..."

"பிளாட்பாரம் காலி. மேக்கால செவப்பு." அவர் குரல் இறங்கிவிட்டது. "யா அல்லாஹ். போய்க்கிட்டே இருக்கு. என்ன தம்பி இது?"

மேற்கே ஒரு கிலோமீட்டர். அங்கே கடைசிக் கருவி. ஐந்து நிமிடம் அந்தப் பகுதி சிவப்பாக இருந்தது என்று பாய் பின்னர் சொன்னார். 6.43க்கு அதுவும் அணைந்தது.

அதற்கு அப்பால் கருவி இல்லை. பழைய முறை. அதற்கு அப்பால் என்ன போகிறது என்று பார்க்க எங்களிடம் எதுவும் இல்லை.

திரை முழுவதும் வெறுமையாக இருந்தது. தடம் காலி. எல்லாம் சரியாக வேலை செய்தது.

செல்போனில் அழைப்பு இன்னும் துண்டிக்கப்படவில்லை. அதைப் பையில் போட்டுக்கொண்டு டார்ச்சோடு கிழக்கே ஓடினேன். பாய் சென்னை வண்டியை விடவில்லை. கன்ட்ரோலில் என்ன திட்டினார்களோ, விடவில்லை.

கல்பாலத்தருகே டார்ச் வெளிச்சத்தில் அண்ணனின் ஷூ இரண்டும் தெரிந்தன. தடத்தோரம், சிலீப்பரின் நுனியில், சேர்த்து வைக்கப்பட்டிருந்தன. சாக்ஸ் உள்ளே மடித்துச் செருகியிருந்தது. தண்டவாளத்தின் மேல் ஓட ஷூ உதவாது.

பக்கத்தில் அவர் பை. தகடு உள்ளேயே இருந்தது.

பையின் மேல் அவர் செல்போன். திரை எரிந்துகொண்டிருந்தது. என் பெயர். அழைப்பு ஓடிக்கொண்டிருந்தது.

குனிந்து எடுத்தேன். அதிலிருந்து என் மூச்சு எனக்கே கேட்டது.

மூன்று கிலோமீட்டர் தூரமும் அந்தப் போன் அங்கேயேதான் இருந்திருக்கிறது.

அன்று இரவும் அடுத்த நான்கு நாளும் தேடினார்கள். போலீஸ் வந்தது. தங்கச்சிமடத்திலிருந்து அவர் சொந்தக்காரர்கள் வள்ளத்தோடு வந்தார்கள். வள்ளம் போக அங்கே ஆழம் இல்லை. இறங்கி நடந்தே தேடினார்கள். கணுக்கால் தண்ணீரில் ஓர் ஆள் முழுகிப்போக முடியாது. எல்லோருக்கும் அது தெரிந்திருந்தது. ஆனாலும் தேடினார்கள்.

நான் கேட்டதை எல்லாம் சொன்னேன். எழுதிக்கொண்டார்கள். கருவியில் கோளாறு என்று முடித்தார்கள். ஆள் காணவில்லை என்று தனியாக இன்னொன்று. இரண்டையும் யாரும் சேர்க்கவில்லை. கருவியை மாற்றச் சொன்னார்கள். மாற்றினேன். பழைய கருவியில் ஒரு குறையும் இல்லை.

வெள்ளைச் செருப்பை நான்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன். பத்து நாள் கழித்து. அவர் மனைவி லீமாரோஸ் பெட்டியை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். திறக்கவில்லை. ஜெர்லின் கதவுக்குப் பின்னால் நின்றாள். புதுநன்மையைத் தள்ளி வைத்துவிட்டார்கள்.

"கடைசியா என்ன தம்பி சொன்னாரு?"

சொன்னேன். மூன்று பேர். யாக்கோபு மகனா என்று கேட்டது. ஓர் ஆள் குறைகிறது என்றது.

அவர் அழவில்லை. என்னையே பார்த்தார்.

"எங்க மாமா, அவரு அய்யா, என்ன வேல பாத்தாகன்னு ஒங்களுக்குத் தெரியுமா?"

"ரயில்வேன்னு அண்ணன் சொல்லியிருக்காரு."

"ட்ராலிமேன்."

சுவரில் யாக்கோபின் படம் மாட்டியிருந்தது. அப்போதுதான் பார்த்தேன். அண்ணனின் அதே முகம்.

"சாகுற வருசம் என்கிட்ட மட்டும் சொன்னாக. மவன்கிட்டகூடச் சொல்லல. ஒரு நா கரைவலையில மீனு கொள்ளையாப் பட்டிருக்கு. இழுக்க ஆளு பத்தல. சாளை மீனு. மாமா வேலைக்குப் போகாம வலை இழுக்கப் போயிட்டாக. லீவும் சொல்லல. கூட உள்ள மூணு பேரும், மாமாவுக்கு ஆப்சென்ட் விழுந்தா வேலை போயிரும்னு, நாலு பேரும் வந்துட்டோம்னு சொல்லி ட்ராலிய எடுத்துட்டுப் போயிருக்காக. ஆபீசரக் கொண்டுபோய் விட்டுட்டு வெறும் ட்ராலியாத் திரும்பியிருக்காக. பொழுது விழுற நேரம். பின்னாடி வண்டி வந்திருக்கு."

அட்டைப்பெட்டியை மடியில் நேராக வைத்தார்.

"மூணு பேரால தூக்க முடியல தம்பி. விட்டுட்டு ஓடியிருக்கலாம். வண்டி கவுந்துரும்னு ஓடல போல. தூக்கப் பாத்திருக்காக."

"எங்க?"

"கல்பாலத்துக்கிட்ட."

வாசலில் யாரோ மீன் விற்றுக்கொண்டு போனார்கள். லீமாரோஸ் அட்டைப்பெட்டியின் மூடியைத் தடவிக்கொண்டிருந்தார்.

"மாமா அன்னைக்கு ரெண்டு கூடை மீனு கொண்டுவந்தாகளாம். அவுக மூணு பேரு வீட்டுக்கும் பங்கு பிரிச்சு வச்சிருந்தாகளாம்."

அதற்குப் பிறகு நான் மாற்றல் கேட்கவில்லை. எல்லோரும் கேட்பேன் என்று எதிர்பார்த்தார்கள்.

தை மாதம் மேற்கே அடுத்த பகுதியை இணைத்தோம். ஏழு கிலோமீட்டர். இணைத்த அன்று மாலை திரையில் ஒரு பகுதி சிவப்பானது. 2. அது மேற்கே நகர்ந்தது. புதிய கருவி முடியும் இடம்வரை போய் அணைந்தது. பங்குனியில் அதற்கடுத்த பகுதி. அதிலும் அப்படியே. கருவி போட்ட இடமெல்லாம் தெரிகிறது. போடாத இடத்தில் தெரிவதில்லை.

லீமாரோஸ் மாதம் ஒருமுறை எனக்குப் போன் செய்வார். நலம் கேட்க மாட்டார். "வேலை எது வரைக்கும் வந்திருக்கு தம்பி?" என்று கேட்பார். சொல்வேன். "சீக்கிரம் முடிங்க," என்பார். முடித்து என்ன செய்ய என்று நானும் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. தடம் முழுவதும் கருவி வைத்துவிட்டால் அண்ணன் எங்கே இருக்கிறார் என்பதாவது தெரியும். அந்த ட்ராலியை நிறுத்த முடியாது. சிவப்பை நட்டுப் பார்த்தவன் நான்.

சென்ற வாரம் ஒரு புதிய பெட்டியில் போனைப் பொருத்தினேன். கம்பியின் மறுமுனையை இன்னும் எங்கும் இணைக்கவில்லை. அது மண்ணில் சுருட்டிக் கிடந்தது. மாலை. கதவைச் சாத்தினேன்.

உள்ளே போன் அடித்தது.

கம்பியைப் பார்த்தேன். சுருள் காலடியில் கிடந்தது.

அடித்துக்கொண்டே இருந்தது.

எடுத்தேன்.

கடக்... கடக்...

தப்... தப்... தப்...

மூச்சு.

"மொளகா சார்... எங்கன எறங்கணும்?"